ஆசிரியருக்கும் சேர்த்தே போட்ட பூட்டு

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தின் இரண்டாம் பாடம், மனித இனப்பெருக்கம். அரசு எழுதிக் கொடுத்த பாடம் அது. பப்ளிக் தேர்வில் அதிலிருந்து கேள்வி வருகிறது, நீட்டிலும் வருகிறது. அதை நடத்தத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பாடத் தலைப்பை எங்கள் பள்ளிக் கணினியில் தட்டித் தேடி ஒரு பக்கத்தைத் திறந்தால், சிவப்புப் பட்டையோடு அறிவிப்பு வந்து நிற்கிறது: இந்தத் தளம் உங்கள் நிர்வாகத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அதன் கீழே 'வகை' என்று போட்டு, வாய்விட்டுப் படிக்கக் கூசுகிற ஒரு சொல். நாலு பேர் வந்து போகிற ஸ்டாஃப் ரூமில், ஒரு விலங்கியல் ஆசிரியையின் திரையில் அது அப்படியே நிற்கும், நான் ஏதோ பார்க்கக் கூடாததைத் தேடிப் பிடிபட்டதுபோல.

நான் தேடியது என்ன? கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து, மோருலாவாகத் திரண்டு, பிளாஸ்டோசிஸ்ட்டாக மாறிக் கருப்பைச் சுவரில் போய்ப் பதிகிற காட்சி. உடலுக்குள் ஏறக்குறைய ஒரு வாரம் நடக்கிற வேலை. ஒரு நிமிடக் காணொளியில் பார்த்துவிடலாம். புத்தகத்தில் அது வரிசையாக நிற்கும் வட்டங்கள். அந்த வட்டங்களைப் பார்த்துப் பிள்ளைகள் படம் வரையக் கற்றுக்கொள்வார்கள், பாகம் குறிப்பார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அசைவைப் பார்த்த வகுப்பில்தான் கேள்வி வரும். இரட்டைப் பிள்ளை எந்த இடத்தில் மிஸ் பிரியும், பிரியாமல் பாதியில் நின்றால் என்ன ஆகும், குழாயிலேயே தங்கிவிட்டால் அம்மாவுக்கு ஆபத்தா என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

இனப்பெருக்கம் என்பதால் மட்டும் வரும் தொல்லை இல்லை இது. நான் படித்த காலத்தில் விலங்கியல் செய்முறை என்றால் தவளையை அறுத்துப் பார்ப்போம். அந்த வழக்கம் போய்விட்டது. கல்லூரி வகுப்புகளிலேயே விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவித்துவிட்டது. உயிர்களுக்கு அது நல்லது, எனக்கு முழுச் சம்மதம். அறுப்பதற்குப் பதிலாகக் கணினியில் மாதிரியை விரித்துப் பாருங்கள் என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். சரி என்று மாதிரியைத் திறக்கப் போனால், இரத்தமும் உறுப்பும் தெரிகிற பக்கம் என்று, பள்ளி இணையத்தை வடிகட்டுகிற ஃபயர்வால் அதையும் மூடிவிடுகிறது. தவளையும் இல்லை, தவளையின் படமும் இல்லை. இதயத்தின் மூவறையையும் நாலறையையும் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்துகொண்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் என் டீச்சர் வரைந்ததும் அதே படம்தான்.

ஃபிசிக்ஸ் சாருக்கும் இதே கதை. கார்ல் வீமன் 2001இல் இயற்பியல் நோபல் பெற்றவர். மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற உருவகச் சோதனைகளைத் தொடங்கினார். மின்சுற்றை இழுத்து இழுத்து இணைக்கலாம், ஊசலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அணுவுக்குள் புரோட்டானைப் போட்டுத் தனிமம் மாறுவதைப் பார்க்கலாம். காசு கிடையாது. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஆய்வகத்தில் பாதிக் கருவி பழுதாகிக் கிடக்கும் பள்ளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? எங்கள் ஃபயர்வால் கணக்கில் அது 'விளையாட்டு'. பிள்ளைகளுக்குச் சின்னதாகப் போட்டி வைத்துக் கேள்வி கேட்கும் கஹூட்டும் விளையாட்டு. தமிழய்யா ஒருவர் பழைய பதிப்பொன்றின் முன்னுரையை மாணவர்களுக்குக் காட்ட இணைய ஆவணகத்துக்குப் போனார். அது 'கோப்பு இறக்கம்'. அந்தத் தளத்துக்கு நம் நாட்டில் வேறு வரலாறும் இருக்கிறது. 2014 டிசம்பரில் அரசு உத்தரவால் முடங்கியது. 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவால் மறுபடி முடங்கியது. சினிமாவுக்குப் பூட்டப் போய்ப் பழந்தமிழ் நூல்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. நாட்டிலேயே அப்படி என்றால் பள்ளிக்கூடத்தில் கேட்பானேன்.

எங்கள் பள்ளியில் சிஸ்டம் பார்க்கிற தம்பி நல்ல பிள்ளை. ஒருநாள் உட்கார வைத்து இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். ஃபயர்வால் விற்கிற நிறுவனம் உலகத்தில் உள்ள தளங்களையெல்லாம் வகை வகையாகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கும். பள்ளிக்கு வாங்கும்போது எந்தெந்த வகை வேண்டாம் என்று டிக் அடித்தால் போதும். அதற்கு மேல் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இன்னொன்றும் சொன்னான். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஒட்டிய உறைக்குள் வைத்துத்தான் செய்தியை அனுப்புகின்றன. உறையின் மேல் எழுதிய தளத்தின் பெயர் மட்டும்தான் ஃபயர்வாலுக்குத் தெரியும். உள்ளே இதயத் துடிப்பா, குத்துப்பாட்டா என்று தெரியாது. உறையைப் பிரித்துப் படிக்கவும் வழி உண்டு, அதற்குச் செலவும் வேலையும் அதிகம். அதனால் யூடியூப் என்றால் மொத்த யூடியூப்பும் மூடல். பாடம் நடத்துகிற வாத்தியாரும் பாட்டுப் போடுகிற ஆளும் அதற்கு ஒன்றுதான்.

தமிழில் இருக்கும் பக்கங்களின் கதி இதைவிட மோசம். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம் ஆசிரியர்கள் வருடக்கணக்காகத் தூக்கம் கெட்டு எழுதிப் போட்டிருக்கும் மாதிரி வினாத்தாள், பாடக் குறிப்பு, ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்பு எல்லாம் பெரும்பாலும் இலவச வலைப்பூக்களில்தான் இருக்கின்றன. அவை 'தனிநபர் வலைப்பூ' என்ற வகையில் போய்விடும், அல்லது 'வகைப்படுத்தப்படாதவை' என்ற வகையில். வகைப்படுத்தப்படாதவற்றை மூடி வைப்பதுதான் பாதுகாப்பு என்று எங்கள் பள்ளியில் டிக் அடித்திருக்கிறார்கள். அதே நேரத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்க் கெட்ட வார்த்தைகளோடு கிடக்கும் பக்கங்கள் தடையில்லாமல் திறப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எது உள்ளே வரக் கூடாதோ அதை இந்தச் சுவருக்கு அடையாளம் தெரியவில்லை. எது வர வேண்டுமோ அதைக் கச்சிதமாக நிறுத்துகிறது.

பிள்ளைகளைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள். 2017இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று 'நீலத் திமிங்கில' விளையாட்டைப் பற்றிச் செய்திகள் வந்தபோது எந்தத் தாயும் நிம்மதியாகத் தூங்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்த ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பியது. வடிகட்டி போடுங்கள், கண்காணியுங்கள் என்று அதில் இருந்தது. எங்களைப் போன்ற மெட்ரிக் பள்ளிகளும் அந்த அலையில்தான் ஃபயர்வால் வாங்கின. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணினி ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் திறக்கலாம் என்று எந்த ஆசிரியரும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் போட்ட அதே பூட்டை, அந்தப் பிள்ளையை ஒப்படைத்திருக்கிற ஆசிரியருக்கும் எதற்காகப் போட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. காலை ஒன்பது மணி முதல் நாலு மணி வரை ஒரு வகுப்புக்கு நாற்பத்தைந்து பிள்ளைகளை என்னை நம்பி விடுகிறார்கள். அமிலமும் கத்தியும் இருக்கும் ஆய்வகச் சாவி என் கையில். விடைத்தாள் என் கையில். சுற்றுலா போனால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளின் உயிர் என் பொறுப்பு. ஒரு இணையப் பக்கம் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல மட்டும் எனக்குத் தகுதி இல்லை.

போன வருடம் ப்ளஸ் டூ வகுப்பில் ஸ்மார்ட் போர்டில் ஒரு காணொளி திறக்காமல் நான் நின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் வீட்டில் பார்த்து, நேரம் குறித்து, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிஸ், வி.பி.என். போட்டா ஓபன் ஆகிடும். நான் போட்டுத் தரவா?" என்று கேட்டான். உதவி செய்யத்தான் கேட்டான், கேலி இல்லை. மற்றப் பிள்ளைகளும் இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்தச் சுவரைத் தாண்ட அவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும். தாண்டவும் தேவையில்லை, பாதிப் பேர் வீட்டில் தினசரி டேட்டாவோடு தனி ஃபோனே இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பது நான் மட்டும்தான், ஏனென்றால் விதியை மதிக்கிறவள் நான். வேண்டாம் உட்காருப்பா என்று சொல்லிவிட்டுப் பலகையில் வரைந்தேன். பள்ளிக்கூடத்தின் பாடத்தை நடத்தப் பள்ளிக்கூடத்தின் விதியை உடைக்கலாம் வாங்க என்று என் மாணவன் என்னை அழைக்கும்படி ஆகிவிட்டதே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

அந்தப் பாடத்தை அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்? இரவில், தனியாக, ஃபோனில், யாரோ எதற்கோ எடுத்த குப்பையில் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அதை 'நீங்களே படிச்சுக்குங்க' என்று தாண்டிவிடுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். கூச்சத்தைத் தாண்டி நடத்த முன்வருகிற ஆசிரியருக்குத் துணையாக நிற்பது ஒரு நல்ல, மருத்துவர்கள் சரிபார்த்த, கண்ணியமான காட்சிதான். மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிய பக்கத்தையும், பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் பற்றிய விழிப்புணர்வுப் பக்கத்தையும்கூட எங்கள் ஃபயர்வால் மூடியது. போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதைப் பற்றி வகுப்பில் பேசுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். எதற்காக அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று விளக்குகிற பக்கம் திறக்காது.

இதைவிடவும் என்னால் பொறுக்க முடியாதது பாடப்புத்தகத்துக்கும் பள்ளிக்கும் நடுவே நடக்கும் இழுபறி. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று தனிக் கட்டம் வைத்தார்கள். உரலியைத் தட்டு, இதைச் சொடுக்கு, அதை நகர்த்து, என்ன மாறுகிறது பார் என்று படிப்படியாக எழுதியிருக்கும். எழுதியவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள்தான். நான் அந்தக் கட்டங்களை மதிக்கிறேன், வகுப்புக்குள் நின்றவர்கள் யோசித்து எழுதியது அது என்று படித்தாலே தெரியும். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த முகவரியைத் தட்டினால் சிவப்புப் பட்டை. சில செயல்பாடுகளுக்கு ஃப்ளாஷ் பிளேயரை அனுமதியுங்கள் என்று குறிப்பு இருக்கும். அந்த ஃப்ளாஷையே 2020 டிசம்பரோடு அடோபி நிறுத்திவிட்டது, அதை மாற்றி எழுத வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது தனி வழக்கு. நன்றாக ஓடுகிற தளத்தையும் மூடி வைத்திருப்பதற்கு என்ன பதில்? பெற்றோரிடம் காசு வாங்கி நாங்களே விற்ற புத்தகம். அதன் ஒரு பக்கத்தில் இருப்பதைப் பள்ளிக்குள் செய்ய முடியாது.

க்யூஆர் கோடை ஃபோனால்தான் பிடிக்க முடியும். வகுப்புக்குள் ஆசிரியர் ஃபோன் எடுத்துப் போகக் கூடாது. ஸ்டாஃப் ரூம் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பில் உட்கார்ந்து வாட்ஸப் பார்க்கிறார்கள் என்ற புகார் வந்ததாம். வந்திருக்கலாம். பார்த்தவரைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். இப்போது என்ன நடக்கிறதென்றால், உண்மையிலேயே பாடம் நடத்த நினைக்கிறவர்கள் ஹெச்.எம். இல்லாத நேரம் பார்த்து, சொந்த ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சொந்த ரீசார்ஜில், ஸ்மார்ட் போர்டை இணைத்துக் காட்டிவிட்டு அவசரமாக அணைக்கிறார்கள். தினம் ஒன்றரை ஜி.பி. என்றால் இரண்டு வகுப்பில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் வீட்டில் பிள்ளைக்கு நெட் இல்லை. பள்ளியில் லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய ஸ்மார்ட் போர்டும் வேகமான ஃபைபர் இணைப்பும் இருக்கின்றன. அட்மிஷன் நோட்டீஸில் இரண்டுக்கும் படம் போட்டிருக்கிறார்கள்.

கொரோனா காலத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முறையாகத் திறந்தது 2021 செப்டம்பர் 1ஆம் தேதி, சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1ஆம் தேதி. நடுவே பெரிய வகுப்புகளைச் சில வாரம் கூப்பிட்டுத் திரும்ப அனுப்பினார்கள். அவ்வளவு காலமும் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது எங்கள் ஃபோன்களுக்குள்தான். எப்படியாவது நடத்துங்க மிஸ் என்று இதே நிர்வாகம் கேட்டுக்கொண்டது. ஐம்பத்தாறு வயது தமிழ் டீச்சர் ஒருவர் சமையல் மேடையில் மாவு டப்பா மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து இலக்கணம் நடத்தினார். மேத்ஸ் சார் சொந்தமாக யூடியூப் சேனல் தொடங்கி இரவெல்லாம் காணொளி ஏற்றினார். யாரும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஏப்ரல் மாதம் ஜூம் பாதுகாப்பானது இல்லை என்று உள்துறை அமைச்சகம் எச்சரித்ததும் வேறொன்றுக்கு மாறினோம். பிள்ளைகளின் விடைத்தாளைப் படமெடுத்து அனுப்ப எல்லோரும் கேம்ஸ்கேனர் பழகியிருந்தோம், காணொளியை மாற்றிக்கொள்ள ஷேர்இட். ஜூன் 29ஆம் தேதி தடைசெய்த 59 செயலிகளில் இரண்டும் இருந்தன. ஒரே இரவில் வேறு வழி கண்டுபிடித்து, மறுநாள் காலை ஒவ்வொரு பெற்றோராக அழைத்துச் சொல்லிக் கொடுத்தோம்.

அன்று ஒருவரும் எங்களிடம், நீங்கள் காட்டப் போகும் பக்கம் எந்த வகை என்று கேட்கவில்லை. எங்கள் புத்தியை நம்பித்தான் பள்ளி ஓடியது, ஃபீஸும் வசூலானது. கதவைத் திறந்து பிள்ளைகள் உள்ளே வந்ததும் பழைய சுவர் மறுபடி எழும்பிவிட்டது. ஒன்றரை வருடம் இணையத்தில் பாடம் நடத்திய ஆசிரியர்கள், திரும்பி வந்த வகுப்பறையில் இணையத்தைத் தொடத் தகுதியற்றவர்கள் ஆனோம். இடையில் நாங்கள் செய்த குற்றம் என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

என் அக்கா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அங்கே ஃபயர்வால் கிடையாது. ஆனால் அவள் கதை வேறு திசையில் போய் அதே இடத்தில் முட்டுகிறது. வருகைப் பதிவு செயலியில். மதிய உணவுக் கணக்கு, நலத்திட்டப் பொருள் வந்த கணக்கு எல்லாம் இணையத்தில். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வைக்கும் மதிப்பீட்டையும் செயலியில் பதிய வேண்டும். 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள், நல்ல காரியம், அதற்கு முன்னால் வருடக்கணக்கில் எல்லாம் அவரவர் சொந்த ஃபோனில்தான். "சிக்னல் கிடைக்காம நான் வேப்பமரத்தடியில நின்னு ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்டி, உள்ள பிள்ளைங்க கத்திக்கிட்டு இருக்கும்" என்பாள். பத்து மணிக்குள் பதியாவிட்டால் வட்டார அலுவலகத்திலிருந்து வாட்ஸப் குழுவில் பள்ளியின் பெயர் சிவப்பில் வரும். அதே ஃபோனில் ஒரு பாட்டுக் காணொளி போட்டு 'ழ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பார்வைக்கு வந்த ஒருவர், வகுப்பில் எதற்கு ஃபோன் என்று கேட்டாராம். கணக்கு அனுப்பும்போது அது கருவி, பாடம் நடத்தும்போது அது குற்றம். என் பள்ளியிலும் அப்படித்தானே. மதிப்பெண் ஏற்றுகிற தளமும், ஃபீஸ் பாக்கி பார்க்கிற தளமும், பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற தளமும் ஒருநாள்கூட மூடியதில்லை. எங்களிடமிருந்து தகவல் போகிற வழி எப்போதும் திறந்திருக்கிறது. எங்களுக்குப் பாடம் வருகிற வழியில்தான் பூட்டு.

இந்தப் பூட்டை ஏதோ சட்டம் கேட்கிறது என்று ஒரு பேச்சு ஸ்டாஃப் ரூமில் உண்டு. பள்ளி இணையத்தில் வடிகட்டி போடச் சட்டமே போட்ட நாடு அமெரிக்கா. 2000 டிசம்பரில் கையெழுத்தான குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் இணைய மானியம் வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்திலேயே, ஆய்வுக்கோ வேறு நியாயமான தேவைக்கோ பெரியவர் ஒருவர் கேட்டால் வடிகட்டியை நிறுத்தித் தர வழி வைத்திருக்கிறார்கள். அங்கும் பள்ளிகள் பயந்துகொண்டு யூடியூப்பையெல்லாம் மூடின. 2011இல் அமெரிக்கக் கல்வித் துறையின் தொழில்நுட்ப அலுவலக இயக்குநராக இருந்த கேரன் கேட்டர், யூடியூப்பை மூடச் சொல்லிச் சட்டம் சொல்லவில்லை, ஆசிரியருக்குத் திறந்துவிடுவதால் மானியம் போய்விடாது என்று விளக்க வேண்டியிருந்தது. சட்டம் இருக்கிற ஊரில் ஆசிரியருக்கு வழிவிட்டிருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களை மூடியிருப்பது, விற்க வந்தவர் டிக் அடித்துக் காட்டிய ஒரு படிவம்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் ஒரு பக்கத்தைத் திறக்க வைக்க நடைமுறை இருக்கிறது. படிவத்தில் முகவரி, பாடம், காரணம் எழுதி ஹெச்.எம். கையெழுத்து வாங்க வேண்டும். அது தாளாளர் மேசைக்குப் போகும். அவர் ஒப்புக்கொண்டால் சிஸ்டம் தம்பி கோயம்புத்தூரில் இருக்கும் நிறுவனத்துக்கு மெயில் போடுவான். அவர்கள் திறந்துவிட்டதாகப் பதில் வரும்போது நான் அடுத்த பாடத்தில் இருப்பேன், சில நேரம் பிள்ளைகள் ரிவிஷன் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு பீரியட் நாற்பது நிமிடம். கேள்வி வகுப்பில் எழும்போதுதான் காட்ட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் காட்டினால் கேட்ட பிள்ளைக்கே கேள்வி மறந்திருக்கும்.

தாளாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை நம்பாம இல்ல மிஸ். நீங்க பாக்குறது சரி, பின்னாடி பசங்க பாப்பாங்களே. ஏதாவது விளம்பரம் வந்து நின்னுச்சுன்னா? நாளைக்கு ஒரு பேரன்ட் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். "சார், அந்தப் பாடமே நடக்கலையேன்னு ஒரு பேரன்ட் கேட்டா என்ன சொல்வீங்க?" என்றேன். "அப்படி யாரும் கேக்க மாட்டாங்க மிஸ்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. யாரும் கேட்க மாட்டார்கள். திறந்துவிட்டவரைத்தான் ஊர் கேட்கும். மூடி வைத்தவரை ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் தன் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போனது என்று பெற்றோருக்குத் தெரியாது. பாகம் குறித்து ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கும் விடைத்தாள் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு, மருத்துவக் கல்லூரிக்கும் போய்விட்டு, கரு எப்படி நகர்கிறது என்று முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன் மிஸ் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னபோது நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆசிரியர்களுக்குத் தனி லாகின் கொடுங்கள், மாணவர் கணினிக்குப் போட்ட தடை அதில் வேண்டாம். ஆபாசத் தளமும் சூதாட்டத் தளமும் மூடியே இருக்கட்டும், அதை யார் கேட்டார்கள். யூடியூப் முழுவதையும் திறக்கப் பயமாக இருந்தால், பள்ளிகளுக்கான கூகுள் கணக்கிலேயே வழி இருக்கிறது. கட்டுப்பாட்டு முறையை மாணவர்களுக்கு வைத்துவிட்டு, நியமித்த ஆசிரியர் பார்த்து ஒப்புதல் கொடுத்த காணொளியை மட்டும் அவர்களுக்குத் திறக்கச் செய்யலாம். அந்தக் கணக்கு எங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருக்கிறது, கொரோனாவில் வாங்கியது. அந்த ஒரு அமைப்பை மாற்றச் சிஸ்டம் தம்பிக்கு அரை மணி நேரம் போதும் என்று அவனே சொன்னான். நான் எந்தப் பக்கம் திறந்தேன், எத்தனை மணிக்கு, எந்த வகுப்பில் என்று பதிவு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தப்பாக ஒன்று இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன். பெற்றோர் யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள், அந்தக் காணொளியை அவர்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

அடுத்து வருவது மூன்றாம் பாடம், இனப்பெருக்க நலன். கருத்தடை, பால்வினை நோய்கள், பெண் கருவை அழிப்பது, அதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின்மைக்கான சிகிச்சை எல்லாம் அதில்தான். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்று அந்த வகுப்பில் பேச வேண்டும். 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்த சுபாஷ் முகர்ஜியை நம்பாமல் அவமானப்படுத்தியதையும், 1981இல் அவர் உயிரையே விட்டதையும் சொல்ல வேண்டும். 1990இல் சென்னையில் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைக் கொண்டுவந்ததைச் சொன்னால் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கெல்லாம் எனக்கு வேண்டிய பக்கங்களின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் எதிரே பாடப்புத்தகப் பக்க எண்ணோடு, ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங். ஃபிசிக்ஸ் சாரும் தமிழய்யாவும் அவரவர் பட்டியலோடு வருகிறார்கள். திங்கள்கிழமை முதல் பீரியட் எனக்கு ப்ளஸ் டூ.